சளி பிடித்த பூனைக்கு முதலில் மூக்கு, அப்புறம் சாப்பாடு

மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் நான் முதலில் கவனிப்பது மூக்கை. குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் பூனையோடு 10 நிமிடம் உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாளைக்கு 2 முறை. தைலம், யூகலிப்டஸ் எதுவும் சேர்க்கக் கூடாது. மூக்கில் காய்ந்து ஒட்டியதைப் பிய்த்தால் தோல் புண்ணாகும்; சலைனில் (மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்) நனைத்த பஞ்சை அரை நிமிடம் ஒற்றி வைத்தால் ஊறி, தானே வந்துவிடும். கையோடு, உப்பில்லாமல் வேகவைத்த மத்தியை முள் எடுத்து, வெதுவெதுப்பாக மசித்து வைப்பேன்.

டாக்டர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினால், விழுங்கியதுமே ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர், வாயின் ஓரமாக, மெதுவாக. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அரித்துவிடும். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். கால் மாத்திரைகூட வேண்டாம்.

மற்ற பூனைகளிடமிருந்து 2 வாரம் தனி அறை. பூனைச் சளிக்குக் காரணமாகும் கிருமிகளில் ஒன்றான கலிசி வைரஸ் வெறும் சோப்புக்கு அசராது. தட்டைக் கழுவியபின் லிட்டருக்கு 30 மில்லி ப்ளீச் கலந்த நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவைக்கிறேன். டெட்டால் பூனைக்கு ஆகாது.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, கைவைத்தியத்தை விட்டுவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போக வேண்டியதுதான்.