ஏரியா பக்கம் போடும்போது நான் செய்த தப்பு

மச்சான் தண்டையார்பேட்டையில் வாஷிங் மெஷின் சர்வீஸ் செய்கிறார். அவருக்கு வெப்சைட் போட்டபோது ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று 14 ஏரியாவுக்கு 14 பக்கம் போட்டேன், உள்ளே ஏரியா பெயர் மட்டும்தான் மாறும். மூன்று மாதமாகியும் அதை வைத்து ஒரு போன்கூட வரவில்லை.

இப்போது செய்வதாக இருந்தால் இந்த வரிசையில் செய்வேன். முதலில் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் தொழிலைக் காட்டும் இலவசப் பக்கம். வெரிஃபிகேஷன் எல்லாம் நீங்களே முடித்துவிடுவீர்கள். கடை இல்லாமல் வீடு வீடாகப் போய் வேலை செய்பவர் முகவரியை மறைத்துவிட்டு 20 ஏரியா வரை சேர்க்கலாம், அதற்காகத் தாம்பரத்தையெல்லாம் சேர்க்காதீர்கள், தேடுகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதையும் கூகுள் பார்க்கிறது.

அடுத்து வேலைக்கு ஒரு பக்கம்: டாப் லோடு தனி, ஃபிரன்ட் லோடு தனி.

இனி ஏரியா பக்கம், நான் மாட்டியது இங்கேதான். நம் சைட் கூகுளில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்தால் 'கிரால்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்' என்று 11 பக்கம் நின்றன. அதாவது கூகுள் வந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது. இப்படிப் பெயரை மட்டும் மாற்றி அடுக்குவதற்கு டோர்வே என்று பெயர், அவர்களின் ஸ்பாம் விதியிலேயே இருக்கிறது. பத்தைத் தூக்கிவிட்டு, அந்தப் பக்கங்களின் வெப் முகவரிகளை 301 (நிரந்தரமாக வேறு பக்கத்துக்கு அனுப்பும் முறை) போட்டு சர்வீஸ் பக்கங்களுக்குத் திருப்பினேன். மிச்சம் நான்கை மச்சானின் பில் புக்கை மடியில் வைத்துக்கொண்டு புதிதாக எழுதினேன். காசிமேட்டுக்கான பக்கத்தில் உப்புக்காற்றில் துருவேறிய அடிப்பாகம், அவரே போனில் எடுத்த படம். கொருக்குப்பேட்டைக்கான பக்கத்தில், ரயில்வே கேட் மூடியிருந்தால் எந்த வழியாக வருவார், எவ்வளவு தாமதமாகும் என்பது.

அப்புறம் எழுத்துக்கூட்டல். தண்டையார்பேட்டையை ஆங்கிலத்தில் 'டி ஓ' என்று தொடங்குபவரும் உண்டு, 'டி எச் ஏ' என்று தொடங்குபவரும் உண்டு. அரசாங்கமே 2020 ஜூனில் ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி, சில நாளில் வாபஸ் வாங்கியது! இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டாம், டைட்டிலில் ஒன்று, உள்ளே மற்றது. எதை அதிகம் தட்டுகிறார்கள் என்பது சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலேயே தெரியும். எந்த வார்த்தையை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொல்லும், காசு கட்டி வாங்கும் கீவேர்டு டூல் எதுவும் இவ்வளவு சின்ன ஏரியாவுக்கு எனக்கு உதவவில்லை.

பின்சேர்க்கை: இதே மாதிரி எழுதியும் பக்கம் கூகுளில் ஏறவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். போய்ப் பார்த்தால், சைட்மேப்பில் (கூகுளுக்குக் கொடுக்கும் பக்கங்களின் பட்டியல்) இருக்கிறது, ஆனால் முகப்பிலிருந்து ஒரு லிங்க்கூட இல்லை. சரி, முதலில் மெனுவில் சேர்த்துவிடுங்கள், பிறகு சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் ஒவ்வொரு பக்கமாகக் கொடுத்து இண்டெக்ஸ் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.