வயதான நாய் நொண்டுகிறதா? வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

எங்கள் கருப்பனுக்கு 11 வயது. ஒருநாள் காலையில் பின்காலைத் தாங்கித் தாங்கி நடந்தான். "வயசாயிருச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் பக்கத்து வீட்டில். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் பல நாய்களுக்கு இந்த ஒரு வார்த்தையோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது. வயது நோயில்லை. வலிக்கு வேறு காரணம் இருக்கும், தேடிப் பாருங்கள்.

முதலில், எந்தக் கால் என்று கண்டுபிடியுங்கள். சமதரையில் மெதுவாக நடக்கவிட்டு, கைப்பேசியில் வீடியோ எடுங்கள். முன்கால் வலித்தால், அது தரையில் படும்போது தலை மேலே எழும்பும். பின்காலென்றால் இடுப்பு எழும்பும். வீடியோவை அழித்துவிடாதீர்கள். கிளினிக்கில் பயத்தில் சில நாய்கள் ஒழுங்காக நடந்து காட்டிவிடும்.

அடுத்து பாதம். டார்ச் அடித்து விரலிடுக்கெல்லாம் பாருங்கள். செம்பனை மட்டை முள் ஏறி, மேலே தோல் மூடி உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். வயதான நாய் அதிகம் நடக்காததால் நகம் தேயாது. பக்கவாட்டு நகம் வளைந்து சதைக்குள் போயிருக்கும்.

பாதம் சரியாக இருந்தால், எப்போது நொண்டுகிறது என்று கவனியுங்கள். படுத்து எழுந்ததும் விறைப்பு, கொஞ்சம் நடந்தால் இளகுகிறது என்றால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். ஓடும்போது திடீரென்று பின்காலைத் தூக்கிக்கொண்டால் முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். பாதம் மடங்கி, அதன் மேல்பக்கம் தரையில் உரசினால் நரம்புக் கோளாறு. பெரிய நாய்க்கு எலும்பில் கெட்டியான வீக்கம், வலியும் நாளுக்கு நாள் கூடுகிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள், எலும்புப் புற்றாக இருக்கலாம்.

உண்ணியை மறக்கவே கூடாது. காதுக்குள், விரலிடுக்கில் தடவிப் பாருங்கள். உண்ணி பரப்பும் காய்ச்சலில் மூட்டு வீங்கும், நாய் சோர்ந்து சாப்பாட்டை ஒதுக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தமும் வரும். கருப்பனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இதுதான் தெரிந்தது. மருந்து கொடுத்ததும் சில நாளில் நடை திரும்பியது.

பாவமாக இருக்கிறதே என்று பனடால் (பாராசிட்டமால்) கொடுக்கவே கூடாது. அது நாயின் ஈரலைக் கெடுக்கும். நாம் வலிக்குப் போடும் இபுபுரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

காலைத் தரையில் ஊன்றவே இல்லை, காய்ச்சலடிக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். லேசான நொண்டலும் இரண்டு நாளில் சரியாகாவிட்டால் காட்டிவிடுங்கள். அதுவரை ஓட்டமும் படிக்கட்டும் வேண்டாம். வழுக்கும் தரையில் பழைய பாய் ஒன்றை விரித்து, தண்ணீரைப் பக்கத்திலேயே வையுங்கள்.