செட்டிநாட்டு வீட்டைப் பொம்மை வீடாகக் கட்டும்போது: முகப்பைக் கெடுக்கும் தவறுகள்

செட்டிநாட்டு வீட்டைப் பொம்மை வீடாகச் செய்ய ஆசைப்படும் பலர் அலங்காரச் சாமான்களைத்தான் முதலில் வாங்குகிறார்கள். தூண், கதவு, கஜலட்சுமி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துவிடுகிறார்கள். ஒட்டி முடித்த பிறகு பார்த்தால் கதவு யானை நுழையும் உயரத்தில் இருக்கும், திண்ணையிலோ ஒரு பொம்மைகூட உட்கார முடியாது. அளவை முடிவு செய்யாமல் எதையும் வாங்காதீர்கள்.

பரவலாகப் புழங்கும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது நிஜத்தில் ஓர் அடி, பொம்மையில் ஓர் அங்குலம். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. 60 அடி அகல முகப்பை இந்த அளவில் செய்தால் 5 அடி வந்துவிடும், அதை எந்த மேசையில் வைப்பது? அதற்காக அகலத்தை மட்டும் நசுக்கி அடைக்கப் பார்த்தால் எல்லாமே கோணலாகும். வாசல், இருபுறத் திண்ணை, மேலே கைப்பிடிச் சுவர் என்று ஒரு பகுதியை மட்டும் எடுத்து நிதானமாகச் செய்யுங்கள். முழு முகப்பும் வேண்டுமென்றால் ஒன்றுக்கு இருபத்து நான்குக்குப் போகலாம். இரண்டரை அடியில் அடங்கிவிடும். எந்த அளவானாலும் வாசலைத் தரையோடு வைக்காதீர்கள். இந்த வீடுகள் உயர்ந்த மேடையில் நிற்பவை, படியேறித்தான் திண்ணைக்கு வர வேண்டும். அந்த உயரம் இல்லையென்றால் எத்தனை தூண் நட்டாலும் செட்டிநாட்டுக் களை வராது.

அடுத்தது சுவர். மெல்லிய பிளைவுட்டிலோ, மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையிலோ ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்தால், அந்தப் பக்கம் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வளைந்துவிடும். இரண்டு பக்கமும் ப்ரைமர் அடியுங்கள். தெர்மாகோல் என்றால் ஸ்ப்ரே பெயிண்ட் பக்கமே போகக் கூடாது, கரைந்துவிடும்.

நிஜ வீட்டின் சுண்ணாம்புச் சுவர் பளபளக்கும். கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த பூச்சு அது. அதைப் பார்த்துவிட்டு எனாமலோ வார்னிஷோ அடித்தால் சின்ன அளவில் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். மேட் பெயிண்ட் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் நைஸான உப்புத்தாளால் இழைத்து, துணியில் கொஞ்சம் மெழுகு தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். வெளிச்சம் படும்போது மட்டும் மினுங்கும். அந்த மினுமினுப்புக்காக எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லின் படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து வெளிச்சுவரில் ஒட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. அது தரைக்கான கல், திண்ணையில் பதியுங்கள். 8 அங்குலக் கல் ஒன்றுக்குப் பன்னிரண்டில் முக்கால் அங்குலம்கூட வராது. பூவைப் பெரிதாக அச்செடுத்தால் திண்ணையே சுருங்கித் தெரியும். இங்க்ஜெட் பிரிண்ட் மேல் பிரஷ்ஷால் வார்னிஷ் தடவினால் மை கலங்கும், லேசர் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூரையில் ஓடுகளை உச்சியிலிருந்து ஒட்டத் தொடங்குகிறார்கள். தாழ்வார ஓரத்தில் தொடங்கி மேலே போக வேண்டும், அப்போதுதான் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படியும். எல்லா ஓட்டுக்கும் ஒரே சிவப்பு வேண்டாம். இரண்டு மூன்று செம்மண் நிறங்களைக் கலந்து அடித்துவிட்டு, அப்புறம் தண்ணீராகக் கரைத்த கரும்பழுப்பை இடுக்குகளில் ஓடவிடுங்கள்.

சுதை உருவங்களைத் தானே காயும் களிமண்ணில் தடிமனாகச் செய்தால் சுருங்கி வெடிக்கும். சிறிய உருவத்துக்குக் கம்பி வைத்து, பிசைந்து ஒட்டும் எம்சீலில் பிடிப்பது நல்லது. வண்ணம் தீட்டிய பிறகே முகப்பில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பச்சையும் நீலமும் வெள்ளைச் சுவரில் வழியும். ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக வைக்கும் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு சூப்பர் குளூ ஆகாது, அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் படர்ந்துவிடும். ஃபெவிகாலை ஓரத்தில் மட்டும் தொட்டு ஒட்டினால் போதும்.