பிரவுசரிலேயே பார்க்க வேண்டுமா? கேமரா வாங்கும் முன் இதைக் கவனியுங்கள்

வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து கணினியில் பார்க்க நினைப்பவர்கள், பெட்டியில் "ரிமோட் வியூ" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். பல கேமராக்களில் அது மொபைல் ஆப்பை மட்டுமே குறிக்கும். பிரவுசரில் பார்க்க வழியே இருக்காது.

பழைய மாடல்களில் இன்னொரு சிக்கல். முகவரியைத் தட்டி உள்ளே போனால், படம் வரவேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டமும் "பிளக்இன் நிறுவவும்" என்ற வரியும்தான் இருக்கும். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற பழைய பிரவுசருக்காக எழுதிய ஆக்டிவ்எக்ஸ் என்ற துணை நிரல். அந்தப் பிரவுசருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனிலேயே பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அதனால் "பிளக்இன் இல்லாமல் குரோம், ஃபயர்ஃபாக்ஸில் ஓடுமா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், வீடியோவைச் சுருக்கும் எச்.265 முறை இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் எல்லாப் பிரவுசரிலும் ஓடாது. அதற்கு முந்தைய முறையான எச்.264-க்கு மாற்றும் வசதி இருக்கட்டும். குறைந்த தரத்தில் அனுப்பும் சப்-ஸ்ட்ரீமும் அவசியம். வெளியே இருந்து பார்க்கும்போது வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம்தான் கணக்கு, டவுன்லோடு அல்ல.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். ரௌட்டரில் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து நேராகக் கேமராவுக்கு வரும் வழியை, திறந்துவிடச் சொல்லும் முறையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல், மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வைத்தே லட்சக்கணக்கான கருவிகளுக்குள் புகுந்தது. கேமராக்களும் அதில் நிறைய. விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு) வழியாகவோ, இரண்டடுக்குச் சரிபார்ப்புள்ள தயாரிப்பாளர் தளம் வழியாகவோ பாருங்கள். பெட்டியைப் பிரித்ததும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அப்புறம் சுவரில் மாட்டுங்கள்.