பீட்டில் காரின் கார்புரேட்டரில் ஐஸ் கட்டினால் என்ன செய்வது?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் இங்கிலாந்தின் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அடிக்கடி சொல்லும் புகார் இது. காலையில் வண்டி நன்றாகவே கிளம்பும். கால் மணி நேரம் ஓடியதும் இழுவை குறையும், சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஸ்டார்ட் ஆகும். பிளக்கை மாற்று, பெட்ரோல் பம்பை மாற்று என்று செலவில் இறங்குவதற்கு முன்னால், தயவுசெய்து ஐஸைச் சந்தேகப்படுங்கள்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டையும் உலோகத்தின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்கிறது. வெப்பநிலை இருந்ததைவிட 20 டிகிரி வரைகூடக் குறைந்துவிடும். வெளியே 5 டிகிரியும் மூடுபனியும் இருந்தால், காற்றிலுள்ள ஈரம் த்ராட்டில் தகட்டை (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு) சுற்றி ஐஸாகப் படிந்து வழியை அடைக்கும். கடுங்குளிரில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அந்தக் காற்றில் ஈரமே அதிகம் இருக்காது. பீட்டிலில் சூடு கொடுக்க வெந்நீரும் கிடையாது. அது காற்றால் குளிரும் இன்ஜின். அதனால்தான் கம்பெனியே சூட்டுக்கு இரண்டு வழி வைத்துக் கொடுத்தது. பெரும்பாலும் அவற்றில் ஒன்று அடைத்திருக்கும், அல்லது யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள்.

முதலில், கையும் களவுமாகப் பிடியுங்கள். வண்டி திணறும்போதே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, இன்ஜின் இருக்கும் பின்பக்கத்து மூடியைத் திறங்கள். கார்புரேட்டருக்குக் கீழே, கலவையை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு குழாயில் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கிறதா பாருங்கள். தாமதித்தால் உருகிவிடும், தடயமும் போய்விடும்.

அடுத்து ஹீட் ரைசர். மேனிஃபோல்டோடு ஒட்டி ஓடும் மெல்லிய குழாய் இது. சைலன்சரிலிருந்து வரும் சூடான புகை இதன் வழியாகப் போய்த்தான் கார்புரேட்டரின் அடிப்பகுதியைச் சூடாக்குகிறது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். குழாயின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கையால் தொட்டால் சுட்டுவிடும். ஒரு முனையில் சுர்ரென்று ஆவியாகி, மறு முனையில் சொட்டு அப்படியே நின்றால் உள்ளே கரி அடைத்திருக்கிறது. மேனிஃபோல்டைக் கழற்றி, முறுக்குக் கம்பியை டிரில்லில் மாட்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. பழக்கமில்லை என்றால் பழைய வண்டி தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. இரண்டு முனையுமே சூடேறவில்லை என்றால் சைலன்சரைப் பாருங்கள். வெளிச்சந்தையில் வாங்கிய சிலவற்றில் இந்தக் குழாய்க்கான இணைப்பே சரியாக இருக்காது.

அப்புறம் வெங்காற்று ஹோஸ். இன்ஜினை ஒட்டிய சூடான காற்றை ஏர் கிளீனருக்குக் கொண்டுவருவது இதுதான். அழகுக்காகச் சின்ன குரோம் ஃபில்டர் மாட்டியவர்கள் இதைத் தூக்கி எறிந்திருப்பார்கள். குளிர் ஊரில் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அந்த அழகு வேண்டாம். பழைய ஏர் கிளீனரையே தேடிப் பிடித்து மாட்டுங்கள். ஹோஸ் கிழிந்திருக்கிறதா, ஏர் கிளீனரின் வாயில் உள்ள மடல் தடையில்லாமல் அசைகிறதா என்றும் பாருங்கள்.

பெட்ரோலுக்கும் இதில் பங்கு உண்டு. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட அதிக சூடு தேவை. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10தான். பழைய வண்டிக்கு 5 சதவீதம் வரை மட்டுமே எத்தனால் உள்ள இ5 போடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த ஐஸ் தடுப்பு மருந்தும் கடையில் கிடைக்கும். டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். மருந்து கைத்தாங்கல்தான், சூட்டு வழியைச் சரிசெய்வதற்கு ஈடாகாது.

வண்டி நிற்காமல் இருக்க ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி, வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஐஸ் இல்லாத நாளில் இன்ஜின் சும்மா நிற்கும்போதே அலறும், கோளாறும் அப்படியே இருக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். அதன் சூடே மேலேறி ஐஸை உருக்கிவிடும்.