ஸ்பூன் ஆண்பால், ஃபோர்க் பெண்பால், கத்தி ரெண்டுமில்ல: ஜெர்மன் டேர் டீ டாஸ் பழகுறது எப்படி

ஜெர்மன் ஏ1 (ஆரம்ப நிலை) கிளாஸ்ல முதல் வாரமே எல்லாருக்கும் தலை சுத்துற இடம் இதுதான். சாப்பாட்டு மேஜையில இருக்கிற மூணு சாமானுக்கு மூணு பால், சொல்லுக்கு முன்னாடி இங்கிலீஷ் 'தி' மாதிரி வர்ற டேர், டீ, டாஸ்தான் அதை காட்டும். டேர் லோஃபெல் (ஸ்பூன்) ஆண்பால், டீ காபெல் (ஃபோர்க்) பெண்பால், டாஸ் மெஸ்ஸர் (கத்தி) நியூட்டர், அதாவது ரெண்டுமில்லாத மூணாவது பால். ஏன்னு கேட்டா பதில் கிடையாது.

ஸ்டெப் 1: தமிழை கொஞ்ச நேரம் ஓரமா வைங்க

நமக்கு பால்னா அர்த்தத்தை பாத்து வர்றது, ஆள்னா அவன் அவள், மேஜை நாற்காலின்னா அது, முடிஞ்சுது. ஜெர்மன்ல பால் பொருளுக்கு இல்லீங்க, சொல்லுக்கு. சூரியன் ஜெர்மன்ல டீ ஸோனெ, பெண்பால், நிலா டேர் மோண்ட், ஆண்பால், பக்கத்து ஊரு ஃபிரெஞ்சுக்காரங்களுக்கு இது அப்படியே உல்டா. ரெண்டு பேரும் பாக்குறது அதே சூரியனைத்தான்! இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல இந்த மூணு பாலும் இருந்துச்சு, இன்னைக்கு 'வைஃப்'னு சொல்றோமே, அதோட பழைய வடிவம் நியூட்டர், பொண்ணுன்னு அர்த்தம் இருந்தும். கிட்டத்தட்ட 1300 வாக்குல அதெல்லாம் கழண்டு போச்சு, நாம தப்பிச்சோம்.

ஸ்டெப் 2: வாலை பாருங்க

இதுதான் முக்கியம், இங்க நேரம் செலவு பண்ணுங்க. சொல் எப்படி முடியுதுன்னு பாத்தாலே நிறைய சொல்லுக்கு பால் தெரிஞ்சிரும்.

'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்'னு முடிஞ்சா டீ. ட்ஸைட்டுங் (பேப்பர்), வோனுங் (வீடு, ஃபிளாட்), ஃப்ரைஹைட் (சுதந்திரம்), ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட் (நட்பு) எல்லாமே டீ. ஒரு சின்ன பொறி இருக்கு: ஷ்ப்ருங் (குதிக்கிறது) டேர், ஏன்னா அதுல 'உங்' பின்னாடி ஒட்டினது இல்ல, சொல்லோட உடம்பே அதுதான்.

'எ'ல முடிஞ்சா பெரும்பாலும் டீ, லாம்பெ (விளக்கு), ஷூலெ (பள்ளிக்கூடம்), ப்ளூமெ (பூ) மாதிரி. ஆனா சீஸுக்கு டேர் கேஸெ, கண்ணுக்கு டாஸ் ஆவ்கெ, அதை தனியா மனப்பாடம் பண்ணுங்க.

'ஷென்'னு சின்னதாக்குற வால் வந்தா கண்ண மூடிட்டு டாஸ். பொண்ணுக்கு ஜெர்மன்ல டாஸ் மேட்ஷென், அதாவது நியூட்டர்! கேவலப்படுத்துறாங்கன்னு நினைக்காதீங்க, மாக்ட்ங்கிற பழைய சொல்லோட அந்த வால் ஒட்டினதால வந்த வினை, மாக்ட் தனியா நின்னா அது டீதான்.

கிழமை, மாசம், சீசன் எல்லாம் டேர்.

ஸ்டெப் 3: நீளமான சொல்லை பாத்து பயப்படாதீங்க

ஜெர்மன்காரங்க சொல்லை ரயில் பெட்டி மாதிரி கோர்ப்பாங்க, நீங்க கடைசி பெட்டியை மட்டும் பாருங்க. டாஸ் ஹவுஸ் (வீடு), டீ ட்யூர் (கதவு), டேர் ஷ்லூஸெல் (சாவி), மூணும் சேந்தா டேர் ஹவுஸ்ட்யூர்ஷ்லூஸெல், வாசக்கதவு சாவி. முன்னாடி என்ன இருந்தாலும் கடைசில சாவி, அதனால டேர்.

ஸ்டெப் 4: சொல்லை தனியா எழுதாதீங்க

நோட்டுல 'லோஃபெல் = ஸ்பூன்'னு எழுதினா அந்த பக்கமே வேஸ்ட். 'டேர் லோஃபெல்'னு ஒரே மூச்சுல எழுதணும், சொல்லணும். நான் டேருக்கு நீலம், டீக்கு சிவப்பு, டாஸுக்கு பச்சை பேனான்னு வச்சிருந்தேன், சின்னப்புள்ளத்தனமா தெரியும், ஆனா வேலை செய்யும். இதை விட்டீங்கன்னா பின்னாடி வாக்கியம் பேசும்போது மாட்டுவீங்க, 'எனக்கு ஒரு ஸ்பூன் வேணும்'னு கேக்க ஐனென் லோஃபெல், ஃபோர்க்னா ஐனெ காபெல், கத்தின்னா வெறும் ஐன் மெஸ்ஸர், ஒரு 'ஒரு'வுக்கு மூணு வேஷம்.

யோகர்ட்டை ஜெர்மனில பெரும்பாலும் டேர்ம்பாங்க, ஆஸ்திரியாவுல டாஸ்னும் சொல்லுவாங்க, அவங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. கடையில நின்னுக்கிட்டு ஒரு சொல்லோட பால் டேரா டீயா டாஸான்னு ஞாபகம் வரலைன்னா ஒரு குறுக்கு வழி இருக்கு: பன்மையில மூணு பாலும் ஒண்ணாயிரும், அதனால 'ட்ஸ்வை' (ரெண்டு)ன்னு சொல்லி ரெண்டா வாங்கிருங்க.