மாந்தோப்பில் புல் வெட்ட எந்த மினி டிராக்டர்? வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

குப்பனூர் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்களுக்கு ஆறு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் புல் இடுப்பளவு நிற்கும், நடுநடுவே பார்த்தீனியமும் உண்ணிச்செடியும். உழுதுவிட்டால் வேலை முடிந்தது என்பார்கள், ஆனால் மேல்வேர் அறுபடும், சரிவில் அடுத்த மழைக்கே மேல்மண் ஓடையோடு போய்விடும். அதனால் வெட்டி, அங்கேயே மூடாக்காக விட்டுவிடுகிறோம். இந்த வேலைக்கு முதல்முறை வண்டி வாங்குகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஷோரூமுக்குப் போகாதீர்கள், ரசமட்டத்தோடு தோப்புக்குப் போங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டையின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் தரையில் வைத்து, மட்டம் பார்த்துப் பிடித்து, மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 18 செ.மீ. வந்தால் சரிவு சுமார் 10 டிகிரி, 27 செ.மீ. வந்தால் 15. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வரம்பே 15 டிகிரிதான். கல்லும் ஈரப் புல்லும் இருக்கிற இடத்தில் நான் 10-க்கு மேல் ஏற்றுவதில்லை, சரிவுக்குக் குறுக்கே ஓட்டுவதும் இல்லை. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள் அந்தச் சரிவுகளுக்கு டிராக்டரை நினைக்கவே வேண்டாம், தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்தான் சரி.

அடுத்தது குதிரைத்திறன். வெளிநாட்டுப் படங்களில் வண்டியின் வயிற்றுக்கு அடியில் பிளேடு வைத்த தோட்ட டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள், அது சீரான புல்வெளிக்கு. நமக்கு டிராக்டரின் பின்னால் மாட்டும் ஸ்லாஷர்தான், அதாவது சுழலும் பிளேடால் புல்லை வெட்டும் கருவி. ஸ்லாஷரின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் பி.டி.ஓ.வில் (எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கச் சுழல்தண்டு) 5 எச்.பி. என்று கணக்கு வையுங்கள், நாலடிக்கு 20. ஸ்லாஷர் பின் டயர்களின் வெளி விளிம்பைத் தாண்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் மிதித்த புல் படுத்துக்கொண்டு வெட்டுப்படாமல் தப்பிவிடும்.

இப்போது பிராண்டுக்கு வரலாம். இங்கே சொல்லும் எச்.பி. எஞ்சினுடையது, பி.டி.ஓ.வில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். குபோட்டா நியோஸ்டார் பி2441, 24 எச்.பி., மூன்று சிலிண்டர். மஹிந்திரா ஜீவோ 245, அதே 24 எச்.பி., ஆனால் இரண்டு சிலிண்டர். ஜான் டீர் 3028இஎன், 28 எச்.பி., மூன்று சிலிண்டர். எஞ்சினின் வேகம் நிமிடத்துக்கு ஜீவோவுக்கு 2300, குபோட்டாவுக்கு 2600, ஜான் டீருக்கு 2800 சுற்று, அதனால் மூன்றின் சத்தமும் அதிர்வும் வேறுவேறாக இருக்கும். ஆனால் கேட்டலாக்கை வைத்து முடிவு பண்ணாதீர்கள். மூன்று டீலரையும் உங்கள் தோப்புக்கே டெமோவுக்குக் கூப்பிடுங்கள். ஒரே ஸ்லாஷர், ஒரே அளவு புல், ஓட்டுவதும் ஒரே ஆள்.

டெமோவில் நான் முக்கியமாகப் பார்ப்பது கிளட்ச். அடர்ந்த புல்லுக்குள் போகும்போது கிளட்சை மிதித்து வண்டியை நிறுத்துங்கள். பிளேடு தொடர்ந்து சுற்றினால் உள்ளே சிக்கிய புல்லை அரைத்துத் தள்ளிவிடும். வண்டியோடு சேர்ந்து பிளேடும் வேகம் இழந்தால் அந்த இடத்திலேயே அடைத்துக்கொள்ளும், நீங்கள் பின்னால் எடுத்து, மறுபடி வேகம் ஏற்றி, மறுபடி உள்ளே விட வேண்டும். ஒரு ஏக்கருக்கு இருபது தடவை இப்படி ஆனால் பாதி நாள் போச்சு. அதனால் பி.டி.ஓ. தனியாக இயங்குமா, டூயல் கிளட்ச்சா (வண்டிக்கும் பி.டி.ஓ.வுக்கும் தனித்தனி கிளட்ச்) என்று கேட்டு, மிதித்தும் பாருங்கள். அப்புறம் டேங்க்கை விளிம்புவரை நிரப்பி ஓட்டி, முடிந்ததும் திரும்ப நிரப்பினால் டீசல் கணக்கு தெரிந்துவிடும். டெமோ நடக்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது, ஸ்லாஷர் எறியும் கல் காலை உடைத்துவிடும்.

ஸ்லாஷரில் ஷியர் போல்ட் என்று ஒன்று உண்டு. பிளேடு பாறையில் மோதினால் அது உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். எங்களுடையது ஒருமுறை உடைந்தபோது, மெக்கானிக் ஒருவர் இனி உடையவே உடையாது என்று கடினமான போல்ட்டைப் போட்டுவிட்டார். பத்து நாளில் புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு கல்லில் அடித்தது, போல்ட் உடையாமல் நின்றது, கியர் பற்கள் போயின. அதனால் வாங்கும்போதே சரியான போல்ட் பத்து வாங்கி வையுங்கள். எந்த டீலரிடம் அந்தப் போல்ட்டும், பில்டரும், கிளட்ச் பிளேட்டும் கேட்ட அன்றே கிடைக்கிறது என்று விசாரியுங்கள், எச்.பி.யில் இருக்கும் வித்தியாசத்தைவிட எனக்கு இது பெரிது.

பணம் கட்டும் முன் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் பற்றிக் கேளுங்கள். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு போய்க் கேட்காதீர்கள்.

எங்கள் தோப்பில் குபோட்டா ஓடுகிறது, மரத்தடியில் வளைத்துத் திருப்ப அதுதான் கைக்கு வந்தது. உங்கள் தோப்பில் வேறு வண்டி ஜெயிக்கலாம். எதுவானாலும் டெமோவை மார்கழிக்குள் முடித்துவிடுங்கள், தை பிறந்து மரத்தில் பூ வந்துவிட்டால் கிளைக்கடியில் வண்டியை விட மனசு வராது.